கண்ணாடி போட்ட பிஸ்கட்

ஹோகனோடு சேர்ந்து வாழ மாலின் கோடையில் அவன் வீட்டுக்குக் குடிவந்தாள். அவன் மகள் சிக்னேவுக்கு அவளைப் பிடித்திருக்கிறதா என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. சண்டை போட்டாலாவது சமாதானம் பேசலாம். ஒன்பது வயதுப் பெண் விருந்தாளியிடம் பழகுவதுபோல அத்தனை மரியாதையாகப் பழகினால் என்னதான் செய்வது?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்கால ஞாயிறு ஒன்றில் அந்த வீட்டில் இஞ்சி பிஸ்கட்டால் சின்ன வீடு கட்டுவது வழக்கம். ஹோகன் சர்க்கரைப் பாகு காய்ச்சிச் சுவர்களை ஒட்டினான். மாலின் கூரையைப் பிடித்துக்கொண்டாள். சூட்டுப் பாகு விரலில் பட்டும் கையை எடுக்கவில்லை. கூரை சரிந்தால் பழி தன் தலையில் விழுமே என்ற பயம்.

கடைசி வேலை, வீட்டில் இருப்பவர்களை வாசலில் சர்க்கரைப் பனிமேல் நிறுத்துவது. பிஸ்கட் பொம்மைகளைக் காலையிலேயே சிக்னே வெட்டிச் சுட்டு வைத்திருந்தாள்; யாரையும் கிட்டே விடவில்லை. இப்போது தாடியோடு அப்பாவை நிறுத்தினாள். அடுத்து ஜடையோடு தன்னை. பிறகு பூனையை. தட்டு காலி.

தன் பொம்மை மட்டும் இல்லை என்பதை மாலின் கவனித்தாள். வெறும் பிஸ்கட்தானே என்று தேற்றிக்கொள்ளப் பார்த்தாள், மனசு கேட்கவில்லை. பூனைக்குக்கூட இடம் இருக்கிறது. பாகுச் சட்டியைக் கழுவுகிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டாள்.

"இன்னொண்ணு எங்க?" என்றாள் சிக்னே.

"எது?" என்றான் ஹோகன்.

"ஜன்னல்கிட்ட ஆற வச்சிருந்தேனே. கண்ணாடி போட்டது."

அந்த வீட்டில் கண்ணாடி போடுகிறவள் மாலின் ஒருத்திதான். சட்டி தேய்த்த கை நின்றது.

ஹோகன் திருதிருவென்று விழித்தான். "அது கண்ணாடியா? கோணலா போச்சுன்னு ஒதுக்கி வச்சதுன்னு நெனச்சேன்."

"தின்னுட்டியா?"

"சும்மா தின்னல குட்டி. உள்ளங்கையில வச்சு விரல் முட்டியால ஒரு தட்டு. சரியா மூணா உடைஞ்சுது."

மூன்றாக உடைந்தால் நினைத்தது நடக்கும். துண்டுகளை வாய் திறக்காமல் தின்றுவிட வேண்டும். அந்த ஊரில் பெரியவர்கள்கூட விடாத பழக்கம்.

"மாலினைப் போயி தின்னுட்டியேப்பா. அந்தக் கண்ணாடி போட எவ்வளவு நேரமாச்சு தெரியுமா? அப்படி என்ன வேண்டிக்கிட்ட?"

"சொன்னா பலிக்காது," என்ற ஹோகன் மாலினைப் பார்த்தான். பார்த்த பார்வையிலேயே வேண்டுதல் தெரிந்துவிட்டது.

மாலினுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தன்னை உடைத்துத் தின்றுவிட்டார்கள் என்று கேட்டு இத்தனை நிம்மதி அடைந்தவள் அவளாகத்தான் இருப்பாள். இத்தனை மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது.

சிக்னே அதற்குள் மிச்ச மாவை எடுத்து உருட்டத் தொடங்கியிருந்தாள். "இங்க வாங்க மாலின். இந்தத் தடவை பெரிசா வெட்டிடலாம். அப்பா வாய்க்குள்ள போகக் கூடாது."

"ரொம்பப் பெரிசானா வாசல்ல இடம் பத்தாதே."

சிக்னே வாசலைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தாள்.

"பூனையை நகத்திக்கலாம்," என்றாள்.