முட்டு கொடுக்காத பக்கம்

காரின் கதவை ஐந்தாவது முறையாகச் சாத்திப் பார்த்தார். மேல் மூலை பின்தூணில் இடித்து நின்றது. மூன்று மாதமாக இடிக்கிற இடம்தான். இன்றைக்கு மட்டும் இரும்பு மனசு மாறி வழி விட்டுவிடும் என்று நம்புகிற ஆள் இல்லை அவர். ஆனாலும் பதினொரு மணிக்கு மாப்பிள்ளை வருகிறான், புதுக் கதவோடு வருகிறான் என்பதால் கை சும்மா இருக்கவில்லை. ஆறாவது முறையும் சாத்தினார். ஆறாவது முறையும் அதே டொக்.

அவருக்கு வேலை பல் செட் செய்வது. இருபத்தெட்டு வருஷமாக ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, டாக்டர்கள் அனுப்புகிற வாய் அச்சுகளுக்குப் பல் கட்டிக்கொண்டிருக்கிறார். அந்த வாய்களுக்குச் சொந்தக்காரர்கள் யாரையும் பார்த்ததில்லை. அச்சு வரும், பல் போகும், அவ்வளவுதான். முடி கனம் பிசகினாலும் ஈறு புண்ணாகிவிடும் என்பதால் எதையும் அளக்காமல் தொடமாட்டார். அப்படிப்பட்டவர் இந்தக் கதவைச் சாத்தும்போது மட்டும் அளவுகோலைப் பெட்டியிலேயே வைத்துவிட்டார். எத்தனை இடிக்கிறது என்று அவருக்குத் தெரியும். எட்டு மில்லிமீட்டர்.

மாப்பிள்ளை என்றால் தங்கை புருஷன். வெல்டர். இவரைவிட எட்டு வயது சின்னவன். தங்கை இருந்தவரை இரண்டு பேரும் பேசிக்கொண்டதே கிடையாது. சண்டை ஒன்றும் இல்லை, பேச விஷயம் இல்லை. "ஆஸ்பத்திரில டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருக்கிற மாதிரி இருக்கீங்க ரெண்டு பேரும். எப்ப கூப்பிடுவாங்களாம்?" என்று அவள் தட்டை வைத்துக்கொண்டே சிரிப்பாள். அவள் போய் ஐந்து வருஷம் ஆகிறது. போன பிறகும் அவன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தான். சாப்பிட்டாச்சா என்று இவர் கேட்பார், ஆச்சு என்று அவன் சொல்வான். பிறகு இரண்டு பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். எதற்கு வருகிறான் என்று இவரும் கேட்கவில்லை. வராவிட்டால் என்ன செய்வது என்று இவருக்கே தெரியாது. கல்யாணம் ஆகாத ஆளுக்கு அந்த ஒரு தங்கை வழியாகத்தான் உறவு என்று ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் கார் வந்தது. மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலையை இடிக்கப் போன இடத்தில், கொல்லைப் பக்கம் கிழிந்த தார்ப்பாய்க்குள் அவன் அதைப் பார்த்திருக்கிறான். இரண்டே சீட்டு, கூரை கிடையாது, நீண்ட மூக்கு. ஒரு காலத்தில் பந்தயத்துக்குப் போனதாகக் காவலாளி சொன்னாராம். ஷெட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியபோது வண்டித் தரை ஓட்டை வழியாகப் புல் தெரிந்தது. ஸ்க்ரூடிரைவரால் இவர் லேசாகக் குத்திப் பார்த்தார், கைப்பிடி வரை உள்ளே போனது. "எலும்புக்கூட்டைக் கூட்டிட்டு வந்திருக்கியே மாப்ள" என்றார். "எலும்பாவது இருக்குதே மச்சான்" என்றான். தங்கை செத்த பிறகு அவர்கள் பேசிய முதல் முழுப் பேச்சு அதுதான்.

நான்கு வருஷ ஞாயிறுகள். எஞ்சினை இறக்கி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார்கள். பெயின்ட்டைச் சுரண்டச் சுரண்ட உள்ளே துருதான் வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்தது. கதவுக்கு அடியில் வண்டியின் நீளத்துக்கு ஓடும் தகரப் பெட்டி இரண்டு பக்கமும் உளுத்துப்போயிருந்தது. டிரைவர் பக்கத்துப் பெட்டியை வெட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளை கதவு வாசலின் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் குறுக்கே ஒரு பைப்பை வைத்து வெல்டு அடித்தான். "கூரை இல்லாத வண்டி மச்சான். இதுக்கு இடுப்பெலும்பே இந்தப் பெட்டிதான். முட்டு குடுக்காம வெட்டினா நடுவுல உக்காந்துடும். அப்புறம் சாமியே வந்தாலும் கதவு சாத்தாது." பெட்டியை மாற்றி, முட்டை அறுத்தெடுத்து, கதவை மாட்டிச் சாத்தினான். சொன்ன பேச்சைக் கேட்ட மாதிரி கிளிக்கென்று உட்கார்ந்தது. இவர் அன்று ஏழெட்டுத் தடவை திறந்து மூடினார். "உடைச்சிடாதீங்க" என்றான் அவன்.

அடுத்தது இந்தப் பக்கம், இப்போது இடிக்கிற கதவின் பக்கம். அதற்குள் அவன் வருவது நின்றது. ஒரு ஞாயிறு, இரண்டு ஞாயிறு, வேலை இருக்கிறது மச்சான் என்று போன். நான்காவது வாரம் சித்தி போனில் வேறு எதையோ சொல்லிக்கொண்டே, "உங்க மாப்பிள்ளைக்கு இன்னொரு கல்யாணம் முடிஞ்சிடுச்சாமே, உன்கிட்ட சொன்னானா?" என்றாள். தெரியும் என்று சொல்லிவிட்டார். அந்த ஞாயிறு ஷெட்டுக்குப் போனார், கிரைண்டரை எடுத்தார், பெட்டியை வெட்டினார். முட்டு ஞாபகம் வரவில்லை என்றில்லை. பைப் மூலையில்தான் சாத்தியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் வெட்டினார். அவன் இல்லாமல் ஆகாது என்றால் அவன் இல்லாமல் ஆக்கிக் காட்டுகிறேன் என்று அப்போது நினைத்தாரோ என்னவோ, அந்த வயதில் அப்படி நினைப்பது அவருக்கே அசிங்கமாக இருந்தது. புதுப் பெட்டியை வைத்து அவரே வெல்டு அடித்தார். ஜாக்கியை இறக்கிக் கதவை மாட்டினார். டொக்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, "கதவே பிசகு. வேற வண்டிக் கதவை எவனோ மாட்டியிருக்கான்" என்றார். "சரி, அளவு சொல்லுங்க. தேடுறேன்" என்றான். இருந்த கதவை அளந்து அனுப்பினார். மூன்று மாதம் அவன் பழைய இரும்புக் கடை கடையாக அலைந்தான்.

பதினொன்றேகாலுக்கு வேன் வந்தது. மாப்பிள்ளை இறங்கினான். மறுபக்கம் ஒரு பெண் இறங்கினாள். நாற்பது இருக்கும், நெடுநெடுவென்று இருந்தாள். இரண்டு பேருமாகக் கதவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கனத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"இவங்கதான்" என்றான் அவன், யாருக்கு யாரைச் சொல்கிறான் என்று தெரியாமல்.

"நல்லா இருக்கீங்களா அண்ணா?" என்றாள் அவள்.

அந்த அண்ணா அவருக்கு எங்கோ சுருக்கென்றது. இனிமேல் அவனைப் பார்த்தால் இவளையும் பார்க்க வேண்டும், அண்ணாவையும் கேட்க வேண்டும். "நல்லா இருக்கேம்மா" என்றார். அவள் வண்டியைச் சுற்றி வந்தாள்.

"ரெண்டே சீட்டா?"

"ரெண்டேதான்."

"இதுக்கா அஞ்சு வருஷம்?"

"நாலு" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில். அவள் சிரித்துவிட்டாள். அவர்கள் சிரிக்கவில்லை.

பழைய கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார்கள். புதுக் கதவைக் கீலில் மாட்டி மாப்பிள்ளை திருகுகளை முடுக்கினான். முடுக்கிவிட்டு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். "நீங்களே சாத்துங்க மச்சான்."

அவர் கதவில் கை வைத்தார். சாத்தினால் இடிக்கும். இடித்தால் இந்தக் கதவும் பிசகு என்று சொல்லலாம். அவன் இன்னொன்று தேடப் போவான், இன்னும் மூன்று மாதம், இன்னும் சில போன்கள். அதற்கும் தயாராகத்தான் காலையில் எழுந்திருந்தார். அவன் வண்டியைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாத்தாது" என்றார்.

"தெரியும்."

"முட்டு குடுக்காம வெட்டிட்டேன் மாப்ள."

"தெரியும் மச்சான். இந்தக் கதவு கெடைச்ச அன்னிக்கே அளந்து பார்த்தேன். நீங்க அனுப்பின அளவுக்கும் இதுக்கும் முடி வித்தியாசம் இல்ல. அப்ப கதவு சரி, வண்டிதான் பிசகு. பொய் சொல்றவர் அளவையாவது மாத்திச் சொல்லியிருக்கலாம்."

அது அவருக்குத் தோன்றவே இல்லை. பொய் சொல்ல வாய் வந்தது, அளவை மாற்றக் கை வரவில்லை.

"அப்ப இதை எதுக்கு இவ்ளோ தூரம் தூக்க வச்சீங்க?" என்று தோளைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள் அவள். அவளே புரிந்துகொண்ட மாதிரி வேனில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"கல்யாணத்தை நானே வந்து சொல்லணும்னு இருந்தேன்" என்றான் அவன். "வாசல் வரைக்கும் ரெண்டு தடவை வந்தேன். வாய் வரல."

"சித்தி சொன்னா."

"ம்."

வேனிலிருந்து அவன் ஒரு பைப்பை எடுத்துவந்தான். நடுவில் வெட்டி, பெரிய திருகு வைத்துப் பொருத்தியிருந்தது; திருகினால் பைப் நீண்டு தூண்களைத் தள்ளும். அவனே செய்தது, தடவிப் பார்த்தால் தெரியும். கதவைக் கழற்றி வைத்துவிட்டு, தூணுக்குத் தூண் அதைக் குறுக்கே பிடிக்கச் சொன்னான். கதவு சாத்திப் பார்க்க இடம் விட்டு உள்பக்கமாகப் பிடித்தார். வெல்டு பொறி சிதறியது. இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"முதல்ல உங்க வெல்டை வெட்டுங்க. அதுவே நண்டு நடந்த மாதிரி இருக்கு, வெட்டுறதுல தப்பில்ல. அப்புறம் இந்தத் திருகை அரைச் சுத்து. அவ்ளோதான். கதவை மாட்டிப் பாருங்க. மறுபடி அரைச் சுத்து. அவசரப்பட்டா முறுக்கிக்கும்."

"வெட்டணும்னா, நீ எப்ப வர்றே?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "துறைமுகத்துல வேலை கெடைச்சிருக்கு மச்சான். அவளுக்கும் அங்கேயே. வர்ற வியாழக்கிழமை கெளம்புறோம்."

"எத்தனை நாளைக்கு?"

"மூணு வருஷம்னு எழுதி வாங்கியிருக்காங்க."

அவர் தலையாட்டினார். சாப்பிட்டுப் போகச் சொல்லலாம் என்று தோன்றியது, வீட்டில் ஒருவருக்கு மட்டும்தான் இருந்தது. அவன் வெல்டிங் மெஷினை வேனில் ஏற்றவில்லை. "இது இங்கயே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னான். வேன் திரும்பும்போது அவள் கையசைத்தாள். இவரும் அரைகுறையாகக் கையைத் தூக்கினார்.

ஷெட்டுக்குள் வந்தார். இரண்டு கதவுகளும் சுவரில் அடுத்தடுத்துச் சாய்ந்திருந்தன, நிறம் மட்டும் வேறு. டிரைவர் பக்கம் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். கிளிக். பக்கத்துச் சீட்டு இருக்க வேண்டிய இடத்துக்கு அப்பால், வாசலை மறித்துக்கொண்டு பைப் நின்றது. வெல்டு அடித்த இடத்தில் நீலம் பூத்திருந்தது. சூடு இறங்க இறங்க இரும்பு எங்கோ உள்ளே டிக் டிக்கென்று சத்தம் போட்டது. அளவுகோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சத்தம் நிற்கும்வரை காத்திருந்தார்.