எலுமிச்சம்பழத்தின் முன் நின்ற கார்

கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு சொல் கூடப் பொய் இல்லை.

என் மருமகள் மாதவி பழைய கார் ஒன்று வாங்கினாள். மறுநாள் புஞ்சாக் ஆலாமில் அவளுக்கு வேலையில் முதல் நாள். கார் இல்லாமல் போய்ச் சேர வழியில்லை. கோலசிலாங்கூர்ச் செம்பனைத் தோட்டத்து முனியாண்டி கோயிலில் பூசை போட்டோம். சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம். தட்டில் வெற்றிலை, வாழைப்பழம், கார்ச்சாவி. தட்டைப் பிடித்திருந்தது நான். பூசாரி பூசை மணியைத் தேடிப் போன நேரத்தில், வெயிலில் வாடிவிடுமே என்று வெற்றிலையை மட்டும் என் பையில் அள்ளிக்கொண்டேன். பழக்கதோஷம்.

பூசாரி திரும்பியபோது தட்டில் சாவி இல்லை. எங்கே தேடியும் இல்லை.

மாதவி கலங்கிவிட்டாள். "சாமிக்கு இந்தக் கார் புடிக்கல போல மாமா. வேலைக்குப் போகாதேன்னு சொல்லுது."

எனக்கு நெஞ்சு குறுகுறுத்தது. அதனால் நடந்ததை நடந்தபடி சொன்னேன். மலாவத்தி மலையிலிருந்து ஒரு சாம்பல் குரங்கு வந்தது. குழாயில் கால் கழுவியது. திருநீறு பூசிக்கொண்டது. சாமியைச் சுற்றி வந்து, சாவியை எடுத்துக்கொண்டு, எனக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனது.

"பழத்த எடுக்கலியா?"

"இன்னைக்கு அதுக்கு வெரதம் போலம்மா."

"நீங்க வெரட்டலியா மாமா?"

"பக்தியா வந்தத எப்படி வெரட்டறது?"

மெக்கானிக் சைஃபுதீன் வந்தார். "லோரியில ஏத்தி வொர்க்ஷாப்புக்குக் கொண்டு போயிரலாம்லா."

"வேணாண்ணே. பழத்த நசுக்காம வண்டி இங்கேருந்து போகக் கூடாது. அதுவா ஓடணும்" என்றாள் மாதவி.

சைஃபுதீன் அங்கேயே ஸ்டீயரிங்குக்கு அடியில் படுத்தார். "சாவி இருந்தா ஒரு திருப்புல ஸ்டார்ட் ஆயிரும். இல்லன்னா பூட்டத் தொளச்சுத்தான் எடுக்கணும். இன்னொரு வாட்டி தேடிப் பாருங்க பெரியவரே."

நான் மரங்களை அண்ணாந்து பார்த்தேன். அவர் துளைக்கத் தொடங்கினார். இரும்பு கதறிய கதறலில் மனம் தாங்காமல், வெற்றிலை போடப் பைக்குள் கை விட்டேன். வெற்றிலை ஆசையே போய்விட்டது.

புதுப் பூட்டு, புதுச் சாவி. கார் உறுமிப் பழங்களை நசுக்கியது. மாதவி அழுதுகொண்டே சிரித்தாள். "சாமி தடுக்கல மாமா. கொரங்குதான்!"

இப்போது வெள்ளிதோறும் வேலை முடிந்து வரும் வழியில், அந்தக் குரங்குக்கென்று கோயிலில் ஒரு சீப்பு வாழைப்பழம் வைக்கிறாள். வீணாகக் கூடாதே என்று நான்தான் சாப்பிடுகிறேன். தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது.

பழைய சாவி என் வெற்றிலைப் பையில் இருக்கிறது.