இரண்டு பக்கமும் ரம்ஷா

1

இந்தக் கதை என் சந்தேகத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்காவது நழுவப் பார்ப்பேன். நீங்கள்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இப்படித் தொடங்கியிருந்தேன்: அன்னூரில் நஞ்சப்பன் என்றொரு நல்ல மனிதர் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருந்தா

அதற்கு மேல் விரல் ஓடவில்லை. நஞ்சப்பன் நான்தான். கடையும் இருக்கிறது. 'நல்ல மனிதர்' மட்டும்தான் பொய். அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

2

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கடைக் கம்ப்யூட்டரும் என்னைப் போலக் கிழடு. கோட்டைமேட்டிலிருந்து பஸ்ஸில் வந்து எனக்கு டிசைன் போட்டுத் தரும் ரம்ஷாதான் அதற்கு வேறு சிஸ்டம் ஏற்றினாள். டிசைன் போடும்போது மட்டும் படம் வரும். மற்றதெல்லாம் கருப்புத் திரை. வேண்டியதை எழுத்தாக அடிக்க வேண்டும்.

"அடிக்கறதுக்கு ரெண்டு விதம் இருக்குதுங்கய்யா. ஒண்ணுல முழுசா நீங்களே அடிக்கோணும். இன்னொண்ணு, ஓரெழுத்து அடிச்சாப் போதும், முன்னாடி அடிச்சதச் சாம்பல் எழுத்துல காட்டும். அம்புக்குறியத் தட்டுனா முடிஞ்சுது. இங்கிலீஷ்ல அதுக்கு ஃபிஷ்னு பேருங்க, நம்ம மீனு."

"பொரட்டாசில மீனா?"

"சமைக்கச் சொல்லலீங்க."

"நான் அடிச்சது அதுக்கெப்படித் தெரியும்? ஊருக்கெல்லாம் சொல்லுமா?"

"இங்க உக்கார்றவங்களுக்கு மட்டுந்தானுங்க."

கட்டிங் மெஷினில் ஆள்காட்டி விரலின் நுனியைக் கொடுத்தவன் நான். அடிப்பது குறைந்தால் சரி என்று மீனையே வைத்துக்கொண்டேன்.

ஃபைல்களைப் பார்க்க நீலத் திரை ஒன்றையும் போட்டாள். இடது பாதி, வலது பாதி. இதிலிருப்பதை அதற்குக் காப்பி எடுக்கலாம்.

(சில சமயம் இரண்டு பாதியும் ஒரே இடத்தைக் காட்டும் என்றும் சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை. அவள் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிசைனைத் திருடிக்கொண்டு போய்விடுவாள் என்று, பென்டிரைவ் கொண்டுவரக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன்.)

3

ஐப்பசி முகூர்த்தத்துக்கான பத்திரிகைகளெல்லாம் 'ரம்ஷா' என்ற ஃபோல்டரில் இருந்தன. அவள் கைகழுவப் பின்னால் போன நேரம் நீலத் திரையைத் திறந்தேன். இடது பக்கம் ரம்ஷா. வலது பக்கமும் ரம்ஷா.

தலை சூடாகிவிட்டது. ஒன்று என் கடைக்கு, இன்னொன்று பீளமேட்டில் எவன் கடைக்கோ. ஒன்றை அழித்தால் ஒன்று மிஞ்சும் என்று முடிவு கட்டினேன். குப்பையை நீக்க அவளே சொல்லிக்கொடுத்த கட்டளையைக் கருப்புத் திரையில் எழுத்தெழுத்தாக அடித்தேன்.

நீலத் திரைக்குத் திரும்பினால் இரண்டு பக்கமும் ரம்ஷா இல்லை. ஒரே அறையை இரண்டு ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

4

அந்த நேரம் பார்த்துச் சென்னிமலை வந்து நின்றார். மகள் லோகப்பிரியாவின் கல்யாணப் பத்திரிகையைப் பார்க்க வந்திருந்தார்.

"ஏனுங்ணா, ரெடிங்களா?"

[நான் சற்று யோசித்தேன் என்று இங்கே எழுதியிருந்தேன். யோசிக்கவில்லை.]

"புள்ள அழிச்சுப்போட்டுதுங்க."

ரம்ஷா டிபன் பாக்ஸோடு வாசற்படியில் நின்றிருந்தாள். ஓடிவந்து தேடினாள். முகம் வெளுத்துவிட்டது.

"நாந்தான் எதையோ தட்டிட்டனாட்ட இருக்குதுங்க. மன்னிச்சுக்கங்கண்ணா. பொழுது எறங்கறக்குள்ள மறுக்காப் போட்டுத் தந்தர்றேன்."

"உங்கிட்டக் காப்பி இருக்குமே?" என்றேன். அப்போதும் அவள் திருடியிருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"பென்டிரைவே கொண்டாரக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானுங்கய்யா."

சென்னிமலை செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "இந்தப் புள்ளைய வெச்சிருந்தீங்கன்னா எங்க சொந்தத்துல ஒருத்தரும் உங்களுக்குப் பத்திரிகை தர மாட்டாங்க. நிறுத்திப்போடுங்ணா."

நான் தலையாட்டினேன். அவள் பார்த்தாள்.

5

லோகப்பிரியாவின் பத்திரிகையைப் புதிதாகப் போட்டு முடித்தாள். பிரிண்டுக்கு அனுப்பக் கருப்புத் திரையில் ஓரெழுத்து அடித்தாள். மீதியைச் சாம்பல் எழுத்து காட்டியது: அழி, ரம்ஷா, உள்ளிருப்பது அத்தனையும்.

அவள் கை அப்படியே நின்றது.

"அய்யா, இது நான் அடிச்சதில்லீங்க."

"தானா வந்திருக்கும் கண்ணு."

"அது தானா ஒண்ணும் சொல்லாதுங்க. அடிச்சதத்தான் சொல்லும்."

பிரிண்ட் எடுத்தாள், எண்ணி அடுக்கினாள், பையை எடுத்தாள்.

"நாளைக்கு வாரயா கண்ணு?"

"அதுகிட்டயே கேளுங்க. ஓரெழுத்து அடிங்க, சொல்லும்."

6

முடிவு ஒன்று: மறுநாள் வருகிறாள், சிரிக்கிறாள், 'உடுங்கய்யா' என்கிறாள். பாதிப் பக்கம் எழுதினேன். அதில் வரும் ரம்ஷா எனக்கு வேண்டியதையே பேசுகிறாள். விட்டுவிட்டேன்.

முடிவு இரண்டு: நஞ்சப்பன் சென்னிமலை வீட்டு வாசலில் நின்று, அழித்தது நான்தானுங்க என்கிறான். எழுதி முடித்ததும் உண்மையிலேயே போய்ச் சொல்லிவிட்டு வந்தது போல நெஞ்சு லேசாகிவிட்டது. நல்ல காபி ஒன்று குடித்தேன். எனக்கே அருவருப்பாகி, அதையும் எடுத்துவிட்டேன்.

முடிவு மூன்று: அவள் வராமலே

இல்லை, வருவாள். போனில் சொன்னாள்: "வெள்ளிக்கெழம வந்து என்ற மவுஸ எடுத்துக்கறனுங்க."

அந்தச் சாம்பல் வரியைத் துடைக்கவும் வழி உண்டு, எனக்குத் தெரியும். துடைக்கவில்லை. இந்தக் கதையை 'ரம்ஷா' என்றே ஃபோல்டர் போட்டு வைத்திருக்கிறேன். நீலத் திரையில் இரண்டு பக்கமும் தெரிகிறது. இருப்பது ஒன்றுதான். வேறெங்கும் காப்பி இல்லை. படிப்பதும் அழிப்பதும் அவள் பாடு.

இதை நீங்கள் படிக்கிறீர்கள் என்றால் அவள் அழிக்கவில்லை. மன்னித்துவிட்டாள் என்று அதற்கு அர்த்தம் பண்ணாதீர்கள். சென்னிமலையிடம் நான் போனேனா இல்லையா என்பதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் எனக்குச் சாதகமாகத்தான் எழுதுவேன். அன்னூர்ப் பக்கம் வந்தால் அவரையே கேளுங்கள், நஞ்சப்பன் வந்தானா என்று. என்னைக் கேட்காதீர்கள்.