இடது முன்னங்கால்

“ரெண்டே மாசம், டாக்டர்! ரெண்டே மாசத்துல ஒரு குதிரை எப்படி நொண்டியாகும்?” சவாரி டீச்சர் போட்ட கத்தலில், கால்நடை டாக்டர் வீட்டு வாசலில் கட்டியிருந்த ஆடுகூட அசை போடுவதை நிறுத்திவிட்டது.

“என்னை எதுக்கும்மா கூண்டுல ஏத்தறீங்க?” என்றார் சர்க்கரை. குதிரைத் தரகர். குதிரைகளுக்கான சர்க்கரைக் கட்டியைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். மனிதர்களுக்கானது நாக்கிலேயே இருக்கும். “நான் சும்மா கை காட்டினவன். நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டது யாரு? டாக்டரைக் கேளுங்க.”

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

அவர் நிலைமை தெருவுக்கே தெரியும். பேரனைப் பார்த்துக்கொள்ள மகள் வீட்டுக்குப் போன டாக்டரம்மா நாலு வருடமாகத் திரும்பவில்லை. தொலைபேசியில் மாத்திரை போட்டாரா என்று கேட்பார், வைத்துவிடுவார். அந்த வீட்டின் இரண்டாவது நாற்காலியில் உட்காருகிற ஒரே ஆள் சர்க்கரைதான். தினமும் நாலு மணிக்குச் சதுரங்கம். டாக்டர் தேநீர் ஊற்றத் திரும்பும்போது சர்க்கரை ஒரு காயை நகர்த்திவிடுவார். டாக்டர் கண்டும் காணாமல் இருப்பார். ஆட ஆள் வேண்டுமே!

அந்தக் கண்டும் காணாததுதான் இப்போது வாசல் ஏறி வந்திருக்கிறது.

வாங்குகிறவருக்காகக் குதிரையைச் சோதித்தால் கெட்டித் தரையில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். மணலில் ஓடினால் லேசான நொண்டல் தெரியாது. டீச்சருக்காகச் சோதித்த அன்றைக்குச் சர்க்கரை, “வெயில் கொளுத்துது. மணல்லயே ரெண்டு சுத்து ஓட்டிக் காட்டிடறேன். நாலு மணி ஆட்டம் இருக்குல்ல?” என்றார். டாக்டரும் மணலிலேயே பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார்.

“லாடம் அடிக்கிறவர் காலைத் தூக்கினதுமே இது பழைய அடின்னுட்டார்.” டீச்சரின் குரல் இறங்கியிருந்தது. “என்கிட்ட இருக்கறது இந்த ஒரு குதிரை. பதினோரு பிள்ளைங்க கத்துக்க வருது. நேத்து குதிரை ஒரு பொண்ணோட சேர்ந்து சரிஞ்சு விழுந்துடுச்சு. இனி யார் அனுப்புவாங்க? உங்களை நம்பித்தானே வாங்கினேன்?”

“நீங்க எங்கயாவது குழியில இறக்கியிருப்பீங்க,” என்ற சர்க்கரை, டாக்டர் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார். “சொல்லுங்க டாக்டர். அன்னிக்குக் கால் சுத்தமாத்தானே இருந்துச்சு?”

ஒரே ஒரு ‘ஆமாம்’. அதைச் சொல்லிவிட்டால் நாலு மணிக்கு ஆட்டம் உண்டு.

டாக்டர் எழுந்து போய் அலமாரியிலிருந்து சிகிச்சைப் பதிவேட்டை எடுத்து வந்தார். விரலால் தேடி வாசித்தார்.

“போன மழைக்காலம். பழுப்புக் குதிரை, நெத்தியில வெள்ளை. இடது முன்னங்கால், தசைநார் வீக்கம். ஆறு வாரம் ஓய்வு.” நிமிரவில்லை. “வைத்தியம் பண்ணினது நான். வித்தவர் சார்பா குதிரையை என்கிட்ட கூட்டிட்டு வந்தவர் இவர்தான்.”

டீச்சர் சர்க்கரையைப் பார்த்தார். “எனக்காக ஊரெல்லாம் தேடறேன்னீங்களே! அவங்களுக்கும் நீங்கதான் ஆளா? அதை ஒரு வார்த்தை சொல்ல வேணாம்?”

சர்க்கரையின் நாக்கில் இருந்த இனிப்பு தீர்ந்துவிட்டது. டாக்டர் மீது பாய்ந்தார். “யோவ், உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கறியே! உன் லைசென்சும்தான் போகும்.”

“போகட்டும். சோதிக்கச் சொன்னது இவங்க. நான் பதில் சொல்ல வேண்டியதும் இவங்களுக்குத்தான். அந்தக் காலுக்கு வைத்தியம் பண்ணினதை அன்னிக்கே சொல்லியிருக்கணும். எனக்கு ஞாபகம் இருந்துச்சு.”

மணி மூன்றேமுக்கால். சர்க்கரை செருப்பை மாட்டிக்கொண்டு போனார், போனவர் போனவர்தான்.

பதிவேட்டைக் காட்டியதும் விற்றவர் மறுபேச்சில்லாமல் பணத்தைக் கொடுத்துவிட்டுக் குதிரையைத் திரும்ப ஓட்டிப் போனார். டாக்டர் ஒரு வருடம் தொழில் செய்யக் கூடாது என்று கால்நடை மருத்துவ கவுன்சிலிலிருந்து ஆணை வந்தது. சாயங்காலங்களில் பலகையை விரித்து இரண்டு பக்கத்துக்கும் தாமே ஆளாக ஆடினார். ஏமாற்றாமல் ஆடியதால் ஆட்டம் முடியவே மாட்டேன் என்றது.

சர்க்கரை சந்தைப் பக்கம் வீடு மாறினார். மகள் கல்யாணத்துக்குத் தெருவில் எல்லா வீட்டுக்கும் பத்திரிகை வைத்தார், ஒரு வீட்டைத் தவிர. சவாரி டீச்சர் அந்த லாடம் அடிக்கிறவரையே கட்டிக்கொண்டு, புதுக் குதிரையோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். எதிர்வீட்டம்மாதான் வாசல் கதவுக்கு வெளியே நின்று, டாக்டரின் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டே இதைச் சொன்னார்.

“அப்படியா?” என்றார் டாக்டர். பிறகு, “அந்த ஊர்ல தரை எப்படி? கெட்டியா, மணலா?” என்று கேட்டார்.