வறுத்த மணல்

நாகேஸ்வரன் எழுந்தான். கிணற்றில் இறைத்துக் குளித்தான். ஸ்டவ்வை மூட்டிக் காப்பி போட்டான், பால் மிஞ்சியது. டிபன் டப்பாவில் தயிர்சாதம் அடைத்தான். அடுக்களை மூலையிலிருந்த துணிப்பையின் வாயை முறுக்கிக் கட்டி எடுத்துக்கொண்டு கரமனை ஸ்டாப்பில் நின்றான். கனம் தோளை இழுத்தது.

பையில் கடற்கரைக் கருமணல். அதில் தோரியம் இருக்கிறது, நாளைக்கு அணு உலைக்கு ஆகும், ஒரு பிடிகூட வெளிநாடு போகக்கூடாது என்று அவன் ஆபீஸ் வருஷக்கணக்காக டெல்லிக்கு எழுதிக்கொண்டிருந்தது. மணலைக் காப்பாற்றத் திட்டம் இருந்தது. சாம்பிள் பைகளை வைக்க ஒழுகாத ஓர் அறை இல்லை. போன மழைக்கு, ஆளுக்கொரு பையாக வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

அவன் மனைவி விஜயம் அந்த மணலைச் சட்டியிலிட்டு நிலக்கடலை வறுத்தாள். "ஆபீஸ் மணல்டீ!" என்று அவன் கத்தினான். "சுட்டா மணல் கெட்டுப்போயிடுமாக்கும்?" என்றாள். அந்த மழை ஓய்வதற்குள் காய்ச்சலில் போய்விட்டாள்.

இப்போது டெல்லியிலிருந்து ஆள் வருகிறார். பைகள் திரும்ப வேண்டுமாம்.

ஆபீஸில் சூப்பிரண்டு அனந்தபத்மநாபன் பையிலிருந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்தார்.

"என்னங்காணும், கடலை வாசனை வர்றது?"

"வறுத்தது சார். ஆத்துல."

அவர் விரலில் சிவப்பாய் ஒரு கடலைத்தோல் ஒட்டியிருந்தது. பக்கத்து மேஜைத் திரவியம் சிரித்துவிட்டான். "அணுகுண்டுல கடலை வறுத்தது உம்ம வீட்டம்மா ஒருத்திதான் ஓய்!" சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. ஃபைலுக்குள் குனிந்துகொண்டான்.

"தேசத்தோட சொத்துங்காணும் இது!" சூப்பிரண்டு கைமணலைப் பைக்குள் உதறினார். "வேற எடுக்கலாம்னா அந்தக் கரையையே கடல் கொண்டுபோயாச்சு. டெல்லிக்காரன்ட்ட எதைக் காட்டறது? மெமோ வரும், வாங்கிக்கும். இதை முற்றத்துல கொண்டு கொட்டும்."

"கொட்ட மாட்டேன் சார்."

"பின்னே? இனி எதுக்காகும் இது?"

அவனிடம் பதில் இருந்தது. ஆபீஸில் சொல்லக்கூடியதல்ல. பையைக் கட்டினான்.

சாயங்கால பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டான். "ரேஷன் கிட்டியோ சாரே?" என்றான் கண்டக்டர். ஆமாம் என்று தலையாட்டினான். துணி வழியாக மணல் வெதுவெதுப்பாக இருந்தது, வெயிலாக இருக்கும்.

ஆஸ்பத்திரியில் அன்று அவள் உதடு அசைந்ததைப் பார்த்துக் காதைக் கொண்டுபோனான். பெரிதாக ஏதோ சொல்லப்போகிறாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அந்த மணலைக் கொட்டிடாதேங்கோ. இன்னும் நாலு தடவைக்கு ஆகும்."