கடைசிக் கம்பத்து எர்த்

மரக்காணம் உப்பளத்தை ஒட்டி அந்தச் சோதனை நிலையம் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கம்பிகளைத் தாங்கும் பீங்கான்கள், உப்புக் காற்று படிந்தால், உயர் அழுத்த நேர் மின்சாரத்தை எவ்வளவு தாங்கும் என்று பார்க்கப் பாத்திகளின் ஓரமாகக் கம்பம் நட்டு இரண்டு கம்பிகள் இழுத்திருந்தார்கள். எழுபத்தாறாம் வருஷக் கோடையில் அதற்கு ஜூனியர் இன்ஜினீயர் தட்சணாமூர்த்தி பொறுப்பு.

ஒரு கம்பியில் போகிற மின்சாரம் மறு கம்பியில் முழுசாகத் திரும்ப வேண்டும். குறைந்து வந்தால் எங்கேயோ மண்ணில் இறங்குகிறது என்று அர்த்தம். ரிலே என்ற காவல் கருவி உடனே விழுந்து லைனைத் துண்டித்துவிடும். பீங்கான்களைத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து ரிலே அடிக்கடி விழுந்தது. அதுவும் உப்பளத்துப் பெண்கள் பாத்திக்குத் தண்ணீர் திருப்பும் வேளையில். பாத்தி காய்ந்திருந்தால் லைன் ஒழுங்காக ஓடியது.

தட்சணாமூர்த்திக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. நேராக வரப்பில் இறங்கிப் போய்க் கத்தினார்.

"கம்பத்துல என்னம்மா கட்டி வெச்சீங்க?"

உப்பு வாரிக்கொண்டிருந்த அஞ்சம்மாள் நிமிர்ந்தாள். "நாங்க அந்தப் பக்கமே போறதில்ல சார்."

"பொய் சொல்லாத! உங்களாலதான் எல்லாம் கெட்டுப் போவுது."

அன்றே மேஸ்திரி கன்னியப்பன் லைனோரப் பாத்திகளுக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டு, அஞ்சம்மாளையும் கூட இருந்த பெண்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். ரிலே விழவில்லை. 'லோக்கல் ஆளுங்க தொந்தரவு சார், சரி பண்ணிட்டேன்' என்று தட்சணாமூர்த்தி மேலதிகாரிக்குப் போனில் பெருமையாகச் சொன்னார்.

எச்சரிக்கைப் பலகைக்கு இடம் பார்க்கத்தான் அவர் கடைசிக் கம்பத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். திரும்பும் கம்பியிலிருந்து, மின்சாரத்தை மண்ணில் இறக்கும் ஒரு எர்த் கம்பி கம்பத்தோடு ஒட்டி இறங்கி, பாத்திச் சேற்றில் புதைந்திருந்தது. துடைக்கும்போது ஆட்களுக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்று அவரே மாட்டியது. வேலை முடிந்ததும் அவரே கழற்றியிருக்க வேண்டும். சேறு நனைந்தபோதெல்லாம் மின்சாரம் அதன் வழியாக இறங்கியிருக்கிறது.

காது சுட்டது. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தார். யாருமில்லை. லைனை நிறுத்திவிட்டு வந்து, கம்பியைக் கழற்றிச் சுருட்டி ஜீப்பில் போட்டார்.

"லைன் சரியாயிடுச்சு. பாத்திக்குத் தண்ணி வுடலாம்" என்று மட்டும் கன்னியப்பனிடம் சொன்னார்.

"சரிங்க சார். அந்தப் பொம்பளைங்கள இனிமே கம்பத்துகிட்ட வுடமாட்டேன்."

அவர் ஜீப்பில் ஏறிக் கிளம்பினார்.

மறுநாள் வேலைக்கு வந்த அஞ்சம்மாள் அவரைக் கண்டதும் கைகூப்பினாள். "இனிமே ஒண்ணும் பண்ணமாட்டோம் சார். வேலைய மட்டும் நிறுத்திடாதீங்க."

செய்யாத தப்பை அவள் ஒப்புக்கொண்டுவிட்டாள். தட்சணாமூர்த்தியால் அவள் கைகளைப் பார்க்க முடியவில்லை.

"தப்பு உங்களோடது இல்லம்மா. நான் மாட்டுன கம்பிதான். கழட்ட மறந்துட்டேன்" என்று முணுமுணுத்தார்.

அவள் கைகளை இறக்கினாள். "மேஸ்திரி காதுல வுழல சார். அன்னிக்கு எல்லாருக்கும் கேக்கத்தான சொன்னீங்க."

அவர் மறுபடி சொன்னார், உப்பளம் முழுக்கக் கேட்கும்படி. கன்னியப்பன் வேறு பக்கம் பார்த்தான். பெண்கள் குனிந்து உப்பு வாரத் தொடங்கினார்கள்.

மேலதிகாரியிடமும் உண்மையைச் சொன்னார். அவர் சிரித்துவிட்டு, "இதெல்லாம் சகஜம்ப்பா" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது தட்சணாமூர்த்திக்கு.

அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் கம்பங்களை ஒட்டிய வரப்பில் நடப்பதே இல்லை. வெயிலில் தலையில் உப்புக் கூடையோடு சுற்றுவழியாகவே போனார்கள். இந்த வரப்பிலேயே வரலாம் என்று அவர்களைக் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை.