ரெண்டு வேளை தண்ணீர்

அந்த வீட்டின் இரண்டு மருமகள்களையும் பெரியவள், சின்னவள் என்றேதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பெரியவள் கணவனோடும் மாமியாரோடும் வெயில் ஊரில் இருந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சின்னவள் தன் கணவனோடு குளிர் தேசத்துக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

பெரியவள் வீட்டில் கேட்டிலிருந்து பின்சுவர் வரை செம்பருத்தி வேலி. அவளே குச்சி ஊன்றி வளர்த்தது. ஞாயிறுதோறும் மாவுப்பூச்சிக்குச் சோப்புத் தண்ணீர் அடிப்பாள். தெருவுக்கு நீண்ட கிளைகளை வெட்டிவிடுவாள். தினம் முப்பது நாற்பது பூ பூக்கும். ஒருவர் நின்று பார்த்ததில்லை. அவசரக்காரர்கள் சைக்கிளை அதன்மேல் சாய்த்துவிட்டுப் போவார்கள். உள்ளூர் மாடு விலை போகாது என்பது பூவுக்கும் சேர்த்துத்தான் போலிருக்கிறது.

சின்னவள் அங்கே கடையில் ஒரு செம்பருத்தித் தொட்டிச் செடி வாங்கினாள். கோடையில் பால்கனியில் வைத்திருந்தாள். குளிர் தொடங்கியதும் உள்ளே தூக்கிவந்து ஜன்னலோரம் வைத்து, மேலே ஒரு விளக்கும் போட்டாள். வெளியே பனி கொட்டிய ஒரு காலையில் அது பூத்தது. ஒரே ஒரு பூ. படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டாள்.

ஆளாளுக்கு இதயம் பறக்கவிட்டார்கள். மாமியார் போனைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு டீச்சரிடம் ஓடினாள். "பாருங்க, வெளியில பனி, உள்ள பூ! எங்க சின்னவ கைராசி அப்படி." அதைச் சொன்னபோது அவள் முதுகுக்குப் பின்னால் வேலி முழுக்கச் சிவந்து கிடந்தது.

மறுநாள் வேலைக்குக் கிளம்புமுன் பெரியவள் வேலியை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்துக் குழுவில் போட்டாள். மத்தியானம் வரை யாரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு கொழுந்தன் எழுதினான்: "அண்ணி, கேட்டுக்குப் புது பெயிண்டா? சூப்பர்!"

ஒரு மாசம் கழித்துச் சின்னவள் வீடியோவில் கூப்பிட்டாள். "அக்கா, ரெண்டு மூணு இலை மஞ்சளாயிருக்கு. என்ன பண்ணட்டும்?"

பெரியவளுக்குப் பதில் தெரியும். குளிர்நாட்டில் செம்பருத்தி வளர்ப்பதைப் பற்றி ஒரு மாசமாக யாருக்கும் தெரியாமல் படித்துவைத்திருந்தாள். வெயில் குறைந்தால் செடி தூங்கிவிடும். தூங்குகிற செடி அதிகம் குடிக்காது. மேல்மண் காய்ந்த பிறகு ஒரு டம்ளர் போதும். வேலையிடத்தில் ஒரு சொட்டு கூடக்குறைய விடாதவள் அவள்.

"தண்ணி பத்தலைடி," என்றாள். "தினமும் ரெண்டு வேளை ஊத்து. நான் இங்க அப்படித்தான் ஊத்தறேன்."

"ஆமால்ல? ஹீட்டர் வேற ஓடுது. தேங்க்ஸ்க்கா."

போனை வைத்ததும், திரும்பக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். அதற்குள் மாமியார் உள்ளேயிருந்து கேட்டாள்: "சின்னவளா? அடுத்த மொட்டு விட்டாச்சாமா?"

பெரியவள் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

மூன்று வாரம் ஆனது. மாமியாரும் பெரியவளும் சேர்ந்து உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சின்னவள் கூப்பிட்டுத் தொட்டியைக் காட்டினாள். இலையே இல்லை. வெறும் குச்சிகள்.

"மண்ணு புளிச்ச நாத்தம் அடிக்குது அத்தை."

"அடிப்பாவி, என்னடி பண்ணின?"

"அக்கா சொன்ன மாதிரிதான் ஊத்தினேன். நான்தான் எங்கயோ சொதப்பிட்டேன். அக்கா விரலை நட்டாலும் பூக்கும். உங்களைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குக்கா!" என்று சிரித்தாள்.

இரண்டு மாசமாகப் பெரியவள் தனக்குள்கூடச் சொல்லிக்கொள்ளாத வார்த்தை அது. சின்னவள் தும்மல் போடுவது போல அதைப் போட்டுவிட்டாள். பெரியவள் போனை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"நீ ஒண்ணும் சொதப்பலை. தப்பா சொன்னது நான். தெரிஞ்சேதான் சொன்னேன்."

"ஏங்க்கா?"

"ஒரு பூவுக்கு உன்னைத் தலையில தூக்கி வெச்சு ஆடினாங்க. என்னால தாங்க முடியலை."

"சரி, வைக்கறேன்," என்றாள் சின்னவள். திரை அணைந்தது.

உட்கார்ந்த இடத்திலேயே பெரியவள் செய்ய வேண்டியதை எழுதி அனுப்பினாள்: செடியைத் தொட்டியிலிருந்து எடு, கறுத்த வேரை வெட்டு, புது மண்ணில் வை, தண்டை ஒரு சாண் விட்டுக் கத்தரி, மண் காய்ந்தால் மட்டும் ஒரு டம்ளர், ஹீட்டர் பக்கம் வேண்டாம். சின்னவள் படித்துவிட்டாள் என்று திரையில் தெரிந்தது. பதில் வரவில்லை.

மிச்சக் குளிர்காலம் முழுக்கச் சின்னவள் மாமியாரின் போனில்தான் பேசினாள். ஒவ்வொரு முறையும், இன்றைக்குச் சொல்லிவிடுவாள் என்று பெரியவள் சமையலறையில் கைவேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள். சொல்லவில்லை.

"உங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது மனஸ்தாபமா?" என்று மாமியார்தான் கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லை அத்தை."

பனி உருகிய பிறகு குழுவில் ஒரு படம் வந்தது. வெட்டிய கட்டையிலிருந்து மூன்று தளிர். கீழே, "அக்கா வைத்தியம்" என்று எழுதியிருந்தது. அன்று சின்னவளே நேராகக் கூப்பிட்டாள்.

"பொழைச்சுடுச்சுக்கா."

"என்மேல கோவம் போயிடுச்சா?"

"இல்லை. செடி விஷயத்துல இனிமே உங்ககிட்ட எதுவும் கேக்க மாட்டேன். கேட்டாலும் இன்னும் ரெண்டு இடத்துல விசாரிச்சுட்டுத்தான் செய்வேன்."

"சரி."

"அத்தைகிட்ட நான் சொல்லலை. சொல்லவும் மாட்டேன். அது நமக்குள்ளயே இருக்கட்டும்."

கோடையில் அந்தச் செடி மறுபடி பூத்தது. மறுபடி இதயங்கள். மாமியார் மறுபடி டீச்சர் வீட்டுக்குப் போனாள். பெரியவளுக்கு வயிறு எரியத்தான் செய்தது. ஆனால் பூவைவிட, சின்னவள் இத்தனை மாசம் ஒரு வார்த்தை வெளியே விடாமல் இருந்தாளே, அந்த மனசுதான் உறுத்தியது. தானாயிருந்தால் மறுநாளே ஊரைக் கூட்டியிருப்போம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

இரண்டு நாள் தள்ளிப்போட்டுவிட்டு மூன்றாம் நாள் சின்னவளைக் கூப்பிட்டாள்.

"பூ நல்லாயிருக்குடி," என்றாள். சொல்லக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.